ஏரி நிறைந்திருக்கிறது, உள்ளான்களைக் காணோம்: உள்நாட்டு ஏரிகளில் வலசைப் பறவை பார்க்க எப்போது போவது?

மலைக்கோட்டை

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் இருக்கிறேன், பறவை பார்க்கத் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை. டிசம்பர் கடைசியில் கரைவெட்டி போனேன். ஏரி கரை தொட நிரம்பிக் கிடக்கிறது. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நாமக்கோழி, நீர்க்காகம் எல்லாம் நன்றாகப் பார்த்தேன். வாத்துக் கூட்டம் நடு நீரில் இருந்தது, பைனாகுலரில் வெறும் கரும்புள்ளிகளாகத்தான் தெரிந்தது. சேற்றோரம் நடந்து மேய்கிற உள்ளான் வகைகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வரித்தலை வாத்தும் இல்லை.

கோடியக்கரைக்குப் போ, பழவேற்காட்டுக்குப் போ என்கிறார்கள். போகத்தான் போகிறேன். ஆனால் ஏரி, குளம், கம்மாய்க்கு வருகிற வலசைப் பறவைகளை முதலில் ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை. எந்த மாதம் போவது, எந்த நேரம் போவது, ஏரியில் எந்தப் பக்கம் நின்று பார்ப்பது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நல்லது.

கலிங்கு

நான் அரியலூர் பக்கம், கரைவெட்டி எனக்குப் பழகின ஏரி. நீங்கள் போன நேரம் ஏரியைப் பார்க்க அழகான நேரம், உள்ளான் பார்க்க மோசமான நேரம்.

மாதத்தை விட்டுவிட்டு நீர்மட்டத்தைப் பாருங்கள். கரைவெட்டி புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக மேட்டூர்த் தண்ணீர் வாங்குகிற ஏரி, 450 ஹெக்டேருக்குக் கொஞ்சம் கூட வரும். வாய்க்காலில் ஆகஸ்டில் தண்ணீர் விடுவது வழக்கம், அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை. இரண்டும் சேர்ந்து டிசம்பரில் ஏரி நிறைந்துவிடும். நிறைந்த ஏரியில் கரையோரம் எங்கே? தண்ணீர் நேராகக் கரை மண்ணிலும் கோரையிலும் போய் முட்டுகிறது. கொசு உள்ளான் 30 கிராம்கூடத் தேறாத பறவை, அதன் கால் ஓரிரு செ.மீ. தண்ணீரில்தான் நிற்க முடியும். பொறி உள்ளானுக்கு இன்னும் கொஞ்சம், நெடுங்கால் உள்ளானுக்கும் கருவால் மூக்கனுக்கும் பத்து செ.மீ.க்கு மேலேயும் சமாளிக்கும். நாலடித் தண்ணீரில் இவை எதுவும் நிற்காது. அப்போது இவையெல்லாம் எங்கே போகும் என்றால், சுற்றி இருக்கிற நடவு வயலுக்கு. டிசம்பரில் நீங்கள் ஏரிக்கு முதுகைக் காட்டி, ஏரித் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டு வயலைப் பார்த்திருந்தால் பொறி உள்ளான் கிடைத்திருக்கும்.

ஜனவரி கடைசியில் இருந்து கதை மாறும். பாசனத்துக்குத் தண்ணீர் போகப் போக ஏரியின் உள்வாய், அதாவது தண்ணீர் வந்து சேர்கிற பக்கத்துச் சரிவு, வெளியே வரத் தொடங்கும். தினமும் சில அடி புதுச் சேறு, அதில் புழு, நத்தைக் குஞ்சு, பூச்சிகளின் இளம்புழு. அந்தச் சேறு காய்வதற்குள் உள்ளான்கள் மேய்ந்துவிட்டு நீரோடு சேர்ந்து உள்ளே நகரும். பிப்ரவரி, மார்ச் இரண்டும்தான் உள்நாட்டு ஏரியில் கரைப்பறவைக் காலம். மார்ச் கடைசியில் சிலவற்றுக்கு இனப்பெருக்க நிறம் ஏறியிருக்கும், கருவால் மூக்கன் கழுத்து செங்கல் நிறத்துக்குப் போயிருக்கும். ஏப்ரலில் காலியாகிவிடும்.

வாத்துகளுக்குக் கணக்கு வேறு. ஊசிவால் வாத்து, நீலச் சிறகி, தட்டைவாயன் எல்லாம் மேலாக மேய்கிறவை, முழுக்க முங்காமல் தலைகீழாகக் கவிழ்ந்து எட்டுகிற ஆழம்தான் அவற்றுக்கு வேண்டும். ஓரடி, சில இடத்தில் கொஞ்சம் கூட. ஏரி நிறைந்திருக்கும்போது நடுவில் கூட்டமாக மிதப்பது பெரும்பாலும் பகல் ஓய்வு. நீர் பாதிக்கு வந்த பிறகு இவையும் ஓரத்துக்கு வரும், அப்போது கரையில் இருந்தே இறக்கை நிறம் தெரியும்.

இன்னொன்று. கரைவெட்டி 1999 இல் சரணாலயம் ஆனது, 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்குப் பிறகு கூட்டம் கூடியிருக்கிறது, அதனால் விடுமுறை நாளில் போகாதீர்கள். காலையில் விடிவதற்குள் போய்விடுங்கள், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற கரையில் நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் ஒரே கறுப்புதான்.

மலைக்கோட்டை

மிக்க நன்றி அண்ணா. வயல் பக்கம் பார்க்கத் தோன்றவே இல்லை. வரித்தலை வாத்து?

நாங்குநேரி வெயில்

வரித்தலை வாத்துக்கு எங்க ஊர்ப் பக்கம் வாங்க. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம், 1994 இல் சரணாலயம் ஆனது, சுமார் 129 ஹெக்டேர், 2022 முதல் ராம்சர் இடம். தண்ணீர் மணிமுத்தாறு அணையில் இருந்து வருது. அண்ணாச்சி சொன்னது இங்கேயும் பொருந்தும், குளம் பெருகி மறுகால் பாயும்போது வந்துட்டு வாத்தைக் காணோம்னு சொல்லக் கூடாது.

இந்த வாத்து திபெத், மங்கோலியா பக்கத்து உயரமான ஏரிகள்ல முட்டையிட்டுக் குஞ்சு பொரிச்சு, இமயத்தைத் தாண்டி இங்கே வருது. ஜி.பி.எஸ். கருவி கட்டிப் பார்த்ததில் ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கு. ஆனா எப்பவும் அந்த உயரத்தில் பறக்குதுன்னு நினைக்க வேண்டாம், பெரும்பாலும் மலையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே 6,000 மீட்டருக்குக் கீழேதான் போகுது, அதுவும் காற்று குளிர்ந்து அடர்த்தியா இருக்கிற இரவிலும் விடிகாலையிலும். அதன் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனை மற்ற வாத்துகளைவிட இறுக்கமாப் பிடிச்சுக்கும், அதனாலதான் அவ்வளவு மெல்லிய காற்றிலும் இறக்கை அடிச்சுப் பறக்க முடியுது.

இங்கே வந்த பிறகு அதன் நாள் எப்படி என்றால், பகல்ல குளத்தில் ஓய்வு, பொழுது சாயும்போது வயலுக்கு மேய்ச்சல். அதனால நடுப்பகலில் குளத்தில் தேடலாம், அல்லது மாலையில் ஒரு இடத்தில் அசையாமல் நின்றால் கூட்டம் கூட்டமாக் கிளம்புறதைப் பார்க்கலாம். சத்தம் முதலில் வரும், அப்புறம் வரிசை தெரியும். ஜனவரி, பிப்ரவரி நல்லது. மழை தப்பின வருஷத்தில் குளம் சீக்கிரம் வத்திடும், அப்போ பக்கத்தில் விஜயநாராயணம் மாதிரிப் பெரிய குளம் எதில் தண்ணி நிக்குதோ அங்கே போயிடும். ஒரு குளத்தை மட்டும் பார்த்துட்டு "இந்த வருஷம் வரலை"னு யாரும் எழுதாதீங்க.

ஊரைப் பத்தியும் சொல்லணும். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்தில் மட்டும் இல்ல, ஊருக்குள்ள வீட்டு ஓரத்து மரத்துலயும் கூடு கட்டும். எச்ச நாத்தம், மீன் நாத்தம் எல்லாம் இருக்கும். ஊர்ச் சனம் பொறுத்துக்கிறாங்க, தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்லை, எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு அள்ளிப் போட்டுக்கிறாங்க. வருகிறவங்க அந்த ஊர்த் தெருவில் நடக்கிறோம்ங்கிற நினைப்போடு நடந்துக்கணும். வீட்டு வாசலில் கேமராவை நீட்டுறது பெரிய தொந்தரவு.

ஈரோட்டு ஆசிரியை

எங்கள் பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன். நாரையும் கூழைக்கடாவும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஓரத்தில் ஓடுகிற சின்னப் பழுப்பு நிறப் பறவைகளைக் காட்டி "டீச்சர் அது என்ன" என்றால் எனக்கே தெளிவாகச் சொல்ல வரவில்லை. படங்களில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எங்கே இருந்து தொடங்குவது? வாத்திலும் ஆண் பெண் குழப்பமாக இருக்கிறது, புத்தகத்தில் இருக்கிற பளிச்சென்ற நிறம் நவம்பரில் ஒன்றில்கூட இல்லை.

சேற்றுத்தடம்

டீச்சர், நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாத்து. ஆண் வாத்துகள் இனப்பெருக்கம் முடிந்ததும் பளிச்சென்ற இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போல மங்கலான இறகோடு இருக்கும். அக்டோபர், நவம்பரில் இங்கே வந்து இறங்குவது அந்தக் கோலத்தில்தான். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் டிசம்பர், ஜனவரிக்குள் பெரும்பாலும் நிறம் மாறிவிடும். நீலச் சிறகி மிகவும் தாமதம், கண்ணுக்கு மேல் அந்த அகலமான வெள்ளைப் பட்டை முழுதாகத் தெரியப் பிப்ரவரிகூட ஆகும். அதனால் நவம்பரில் நிறத்தைத் தேடாமல் உருவத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டைவாயனின் அலகு தலையைவிட நீளமாகக் கரண்டி போல இருக்கும், அலகைத் தண்ணீரில் தேய்த்துக்கொண்டே நீந்தும். ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம், உடம்பு ஒல்லி. நீலச் சிறகி சின்னது, பறக்கும்போது இறக்கையின் முன்பாதி வெளிர் சாம்பல் நீலம். இந்த மூன்றும் போதும், மற்றவை தானாக வரும்.

உள்ளான்களுக்கு நிறம் கடைசி. நடத்தை, கால், அலகு, பறக்கும்போது முதுகுப் பக்கம், குரல், இந்த வரிசையில் போங்கள்.

ஓரக் கல்லில் தனியாக நின்று பின்பக்கத்தை விடாமல் ஆட்டிக்கொண்டு, நெஞ்சுக்கும் இறக்கைக்கும் நடுவில் ஒரு வெள்ளை ஆப்பு மேலே ஏறியிருந்தால் அது சாதா உள்ளான். கிளம்பினால் தண்ணீரை ஒட்டி, இறக்கையை விறைப்பாகச் சிலிர்த்துச் சிலிர்த்துப் பறக்கும். பிள்ளைகள் இதை ஒரே காலையில் கற்றுக்கொள்வார்கள்.

பொறி உள்ளானையும் கிரீன் சாண்ட்பைப்பரையும்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். பொறி உள்ளானுக்கு வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால் வரை போகும், முதுகில் பொறிகள் நிறைய, கால் மஞ்சள் சாயல், இறக்கையின் அடிப்பக்கம் வெளிர். கிரீன் சாண்ட்பைப்பருக்குப் புருவம் கண்ணோடு நின்றுவிடும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முதுகு கருமை, இறக்கையின் அடியும் கருமை, கிளம்பும்போது வெள்ளை இடுப்பு பளீரென்று தெரியும். அது வாய்க்கால் ஓரம், மதகுக் குட்டை போன்ற ஒதுக்குப்புறங்களில் தனியாகவே இருக்கும். வயலில் பத்து இருபது சேர்ந்து இருந்தால் அநேகமாகப் பொறி உள்ளான்.

உயரமான, வெளிர் நிற உள்ளான் என்றால் பச்சைக்காலியா மார்ஷ் சாண்ட்பைப்பரா என்று கேளுங்கள். பின்னதற்கு அலகு ஊசி போல மெல்லிசு, நேராக இருக்கும். பச்சைக்காலிக்கு அலகு தடித்து, நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், கிளம்பும்போது "ட்யூ ட்யூ ட்யூ" என்று ஏரி முழுக்கக் கேட்கக் கத்தும். அந்தக் குரலைத் தெரிந்துகொண்டால் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஓடி நின்று, ஓடி நின்று கொத்துவது உப்புக்கொத்தி. உள்ளான் நடந்துகொண்டே குத்தும், உப்புக்கொத்தி கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும். உள்நாட்டு ஏரியில் பட்டாணி உப்புக்கொத்திதான் அதிகம், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் முடிந்தது. மிகச் சின்னதாகக் கூட்டத்தோடு ஓடினால் கொசு உள்ளான், கால் கறுப்பு. அதே அளவில் கால் வெளிர் மஞ்சள் பச்சையாக, கொஞ்சம் குனிந்து மெதுவாக மேய்ந்தால் நன்றாக நின்று பாருங்கள், டெமிங்க் ஸ்டின்ட்டாக இருக்கலாம். அதற்கு உப்புத் தண்ணீரைவிட நன்னீர்ச் சேறுதான் பிடிக்கும், அதனால் கடற்கரையைவிட நம் ஏரிகளில்தான் தேட வேண்டும்.

கருவி விஷயத்தில் 8x42 பைனாகுலர் போதும். பிள்ளைகளுக்கு 10 மடங்கு வேண்டாம், கை ஆடும். முக்காலியில் வைக்கிற ஸ்கோப் ஒன்று பள்ளிக்குக் கிடைத்தால் ஒரே பறவையை எல்லோரும் வரிசையில் நின்று பார்க்கலாம், அது பெரிய வித்தியாசம்.

ஈரோட்டு ஆசிரியை

இதை அப்படியே அச்செடுத்து வகுப்பில் ஒட்டப் போகிறேன் சார். நன்றி.

கம்மாய்க்கரை

நான் சிவகங்கை மாவட்டம், விவசாயக் குடும்பம். வேட்டங்குடி எங்களுக்குப் பக்கம், 1977 இலேயே சரணாலயம். அங்கே கொள்ளுகுடிப்பட்டி சனங்கள் வெடி போடாமல் இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது, அதில் எங்களுக்குப் பெருமைதான்.

ஆனால் இந்த இழையைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. "தண்ணீர் குறைந்தால் நல்லது, குறைந்தால் நல்லது" என்று எழுதுகிறீர்கள். கம்மாயில் தண்ணீர் குறைந்தால் எங்களுக்குக் கோடை நடவு இல்லை, கிணறு இறங்கும், மாட்டுக்குத் தண்ணீர் இல்லை. தூர்வார வேண்டும் என்று ஊரே கேட்டு, மனு கொடுத்து, நடந்து நடந்து வேலை வாங்குகிறோம். அதற்குள் யாராவது வந்து பறவைக்குச் சேறு வேண்டும், ஆழப்படுத்தாதீர்கள் என்றால் கோபம் வராதா? எங்கள் கம்மாய் முதலில் பாசனத்துக்குக் கட்டியது. பறவை வருவது அதற்கு அப்புறம்.

கலிங்கு

உங்கள் கோபம் நியாயம். நானும் ஆயக்கட்டுக்காரன்தான், இரண்டு ஏக்கர் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிறைய வேண்டும், நிறைந்து பின் மெல்ல வடிய வேண்டும். வடியாத ஏரி பாசனம் பண்ணாத ஏரி. நாம் மதகு திறந்து வயலுக்கு விடுகிற அதே வேலைதான் உள்ளானுக்குச் சாப்பாடு போடுகிறது. அந்த இடத்தில் விவசாயிக்கும் பறவைக்கும் சண்டையே இல்லை.

சண்டை வருவது தூர்வாருகிற விதத்தில். முன்பெல்லாம் கோடையில் வண்டி மாட்டை ஓட்டிப்போய் உள்வாயில் பரவலாக வண்டலை வழித்து வருவார்கள். ஏரியின் சரிவு அப்படியே இருக்கும். இப்போது பொக்லைன் இறங்கினால் வண்டல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை, லாரி நிற்க வசதியான இடத்தில் செங்குத்தாகச் சதுரக் குழி எடுக்கிறார்கள். பத்தடி, பதினைந்தடி. வண்டலுக்குக் கீழே இருக்கிற களியையும் கிராவலையும் சேர்த்து அள்ளினால் தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். அந்தக் குழியில் தேங்குகிற தண்ணீர் மதகு மட்டத்துக்குக் கீழே இருப்பதால் வயலுக்கும் வராது. மாடு தவறி விழுகிறது, கோடையில் குளிக்கப் போகிற பிள்ளை தவறி விழுகிறது. பறவைக்கும் செங்குத்து ஓரத்தில் நிற்க இடமில்லை. இதில் யாருக்கு லாபம் என்றால் மண் வியாபாரத்துக்கு மட்டும்தான்.

ஆழப்படுத்த வேண்டிய இடம் கரையை ஒட்டி, மதகுக்கு முன்னால். கொள்ளளவு அங்கேதான் கூடும். உள்வாய்ப் பக்கம், தண்ணீர் வந்து சேர்கிற அந்த நீளமான சரிவை மட்டும் தட்டாமல் விட்டுவிட்டால் போதும். அங்கே ஒரு முழம் தண்ணீர் குறைந்தால் நூறடி அகலத்துக்குச் சேறு வெளியே வரும், கரைப் பக்கம் அதே ஒரு முழம் குறைந்தால் ஒரு தப்படி கூட வராது. இதைச் சொல்ல ஆள் வேண்டும், அதுவும் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஊர்க் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

மரம் நடுவதிலும் இதே சிக்கல். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உள்வாய்களில் கருவேலம் வரிசையாக நட்டார்கள். நாரைக்கும் கொக்குக்கும் வக்காவுக்கும் கூடு கட்ட அது உதவியது, வேடந்தாங்கல் மாதிரி இடத்தில் மரம் இல்லாமல் எதுவுமே இல்லை. 1798 இலேயே ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் கேட்டுப் பாதுகாப்பு வாங்கிய ஏரி அது, மரத்தில் கூடு கட்டுகிற பறவைகளின் ஏரி. ஆனால் உப்புக்கொத்தியும் கொசு உள்ளானும் வரித்தலை வாத்தும் நாலாபக்கமும் திறந்து கிடக்கிற வெளியைத்தான் நம்பும். மரம் மறைத்தால் பருந்து வருவது தெரியாது, அதனால் அங்கே இறங்காது. பசுமை என்று எல்லா ஏரியின் வயிற்றிலும் மரம் நடுவது இந்தப் பறவைகளை விரட்டுகிற வேலை. மரம் கரையில் இருக்கட்டும், நடுவில் சில திட்டில் இருக்கட்டும், உள்வாய் வெறுமையாக இருக்கட்டும்.

கம்மாய்க்கரை

மதகுக்கு முன்னால் ஆழம், உள்வாய்ச் சரிவைத் தொடாதே என்பதை எங்கள் ஊரில் பேசலாம், பெரியவர்களே ஒத்துக்கொள்வார்கள். குழியால் மாடு போனது எங்கள் கம்மாயிலும் நடந்திருக்கிறது.

இன்னொரு சங்கடம் மீன்பாசிக் குத்தகை. ஏலம் எடுத்தவர் போட்ட மீன்குஞ்சைக் கூழைக்கடாவும் நீர்க்காகமும் தின்கிறது என்று விடியற்காலையில் வெடி போடுகிறார். அந்தச் சத்தத்தில் மீன் தின்னாத சிறகியும் உள்ளானும் சேர்ந்து ஓடிவிடுகிறது. சரணாலயம் என்றால் கேட்க ஆள் உண்டு. சாதாரணக் கம்மாயில் யார் கேட்பது? இரவில் வலை கட்டிச் சிறகி பிடித்துச் சாலையோரம் விற்பதும் இங்கே இன்னும் நிற்கவில்லை.

சேற்றுத்தடம்

வலை விஷயத்தைக் கண்டால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள், படத்தோடு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், ஏரி சரணாலயமா இல்லையா என்பது அதில் பொருட்டே இல்லை. மரியாதையாகப் பேசித் திருத்துகிற இடமும் அது இல்லை.

லென்ஸ்400

படம் எடுக்கிறவன் என்ற முறையில் ஒரு கேள்வி. தண்ணீர் வடிந்த பிறகு உள்வாய்ச் சேற்றில் நடந்து போனால்தானே உள்ளான் படம் கிடைக்கிறது? 400 மி.மீ. லென்ஸில் கரையில் இருந்து எடுத்தால் புள்ளிதான். ஒரு நாலைந்து பேர் நடந்தால் என்ன ஆகிவிடும், பறந்து போய் அந்தப் பக்கம் உட்காரும். சில குழுக்களில் ட்ரோன் வைத்து வரித்தலை வாத்துக் கூட்டம் கிளம்புகிற காட்சி எடுக்கிறார்கள், அது அதிகம் என்று ஒத்துக்கொள்கிறேன். நடப்பதுகூடத் தவறா?

சேற்றுத்தடம்

தவறுதான் தம்பி. காரணம் சொல்கிறேன்.

பிப்ரவரி கடைசி, மார்ச் மாதங்களில் இந்தப் பறவைகள் திரும்பிப் போகக் கொழுப்பு சேர்க்கின்றன. கொசு உள்ளான் போக வேண்டியது ஆர்க்டிக் ஓரத்துச் சைபீரியா வரை. வழியில் எரிக்க வேண்டியதை இந்தச் சேற்றில்தான் தின்று சேர்க்கிறது. ஒருமுறை கிளப்பினால் மேய்ச்சல் நேரம் போகிறது, சேர்த்த கொழுப்பும் கொஞ்சம் எரிகிறது. நீங்கள் நாலு பேர் காலையில், இன்னொரு குழு பத்து மணிக்கு, சாயங்காலம் நாய். காய்ந்த உள்வாயில் தெருநாய்க் கூட்டம் துரத்துவதை எல்லா ஏரியிலும் பார்க்கிறோம். அதற்கு மேல் நாமும் சேர வேண்டாம். அந்தப் பக்கம் போய் உட்காரும் என்கிறீர்கள், அந்தப் பக்கம் நல்ல சேறு இருந்தால் அது முதலிலேயே அங்கேதான் இருந்திருக்கும்.

இன்னொன்று, அந்தச் சேற்றில்தான் நம் ஊர் ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் கோடையில் தரையில் முட்டை இடும். முட்டை மண் நிறம், மிதித்த பிறகுதான் தெரியும்.

படம் வேண்டும் என்றால் நீர் வடிகிற ஓரத்தைக் கணித்து, விடிவதற்கு முன்பே கரையில் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். எழுந்திருக்காதீர்கள். மேய்ந்துகொண்டே பறவை உங்களை நோக்கி வரும், பொறி உள்ளான் பத்துப் பதினைந்து அடிக்குள் வந்து எடுத்த படங்கள் இந்தக் குழுவிலேயே பல இருக்கின்றன. அல்லது காரை நிறுத்தி உள்ளே இருந்தே எடுங்கள், சாலையோர வயலில் இது நன்றாக வேலை செய்யும். வண்டிக்குப் பயப்படாத பறவை மனிதன் இறங்கினதும் ஓடிவிடும்.

லென்ஸ்400

சரி சார், கொழுப்பு சேர்க்கிற விஷயம் இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் குழுவிலும் இதைப் பகிர்கிறேன். ட்ரோன் வேண்டாம் என்றும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நாங்குநேரி வெயில்

ஒரு சேதி எல்லோருக்கும். சரணாலயத்தை மட்டும் சுற்றாதீங்க. உள்ளானுக்கும் சிறகிக்கும் பேர் தெரியாத ஊர்க்குளம்தான் பாதி வீடு. எங்க பக்கம் 2011 இல் இருந்து ஜனவரி தோறும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, அதில் சரணாலயம் அல்லாத குளங்களைத்தான் பெரும்பாலும் எண்ணுறோம். வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பும் குளிர்காலத்தில் மாநிலம் முழுக்க நடக்குது, புதியவர்களைச் சேர்த்துக்குவாங்க. உங்க வீட்டுக்குப் பக்கத்துக் குளம் ஒண்ணை எடுத்துக்கிட்டு, வாரம் ஒருமுறை பார்த்து, நீர்மட்டம் எவ்வளவு, என்ன பறவை, எத்தனைன்னு ஈபேர்டுங்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் போடுங்க. 2023 இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையே இப்படிச் சாதாரண ஆட்கள் போட்ட 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவில் இருந்துதான் எழுதினது. வலசை வரும் கரைப்பறவையும் வாத்தும் வேகமாக் குறையுதுன்னு அதில் இருக்கு. ஒரு குளத்தைத் தூர்வாரப் போறாங்கன்னா, "இங்கே பிப்ரவரியில் இத்தனை உள்ளான் மேயுது, இந்தப் பக்கத்துச் சரிவை விடுங்க"ன்னு காட்ட அந்தப் பதிவுதான் கையில் இருக்கும். அது இல்லாமல் பேசினால் யாரும் கேட்க மாட்டாங்க.

மலைக்கோட்டை

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. பிப்ரவரி நடுவில் கரைவெட்டி, அதற்கு முன் வீட்டுப் பக்கத்து ஏரியில் வாரம் ஒருமுறை என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: வரித்தலை வாத்தின் கழுத்தில் எழுத்துப் போட்ட பட்டை இருக்கும் என்று படித்தேன். பார்த்தால் என்ன செய்வது?

கலிங்கு

மங்கோலியாவில் ஆய்வாளர்கள் மாட்டிய கழுத்துப்பட்டையோடு வந்த வாத்துகளைத் தென்னிந்தியாவில் பார்த்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் மாகடி ஏரி, கதக் மாவட்டம், அங்கே இந்த வாத்து பெருங்கூட்டமாக வரும். பட்டையைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள். பட்டையின் நிறம், எழுத்தின் நிறம், எழுத்து எண் எந்த வரிசையில் இருக்கிறது, இவற்றை அங்கேயே தாளில் எழுதுங்கள். தெளிவில்லாத எழுத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம், அந்த இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். பறவை மேலும் கீழும் திரும்புகிற வரைக்கும் படம் எடுத்துக்கொண்டே இருங்கள், ஏதாவது ஒரு படத்தில் முழு எழுத்தும் விழும். உள்ளான் காலிலும் வண்ணக் கொடியும் உலோக வளையமும் இருக்கும், கொடி எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா என்பதும் முக்கியம். தேதி, நேரம், ஏரியின் பெயர், கூட்டத்தில் எத்தனை இருந்தன என்பதோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினால் எங்கே மாட்டியது என்று தேடிச் சொல்வார்கள். ஈபேர்ட் பதிவிலும் அந்தப் படத்தைச் சேர்த்துவிடுங்கள்.

பிப்ரவரியில் வரும்போது இங்கே ஒரு வரி போடுங்கள், அந்த வாரம் எந்தப் பக்கம் சேறு வெளியே வந்திருக்கிறது என்று சொல்கிறேன்.